பாத்தி கட்டிய கூரை

மாமா கூரையில் நடக்கும் சத்தம் தஸ்னீமுக்குச் சரியாகப் படவில்லை.

ஏணியின் இரு கால்களையும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். கீழிருந்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை; காலடி ஓசை மட்டும் கேட்டது. டிரெய்லரின் முன்பக்கம் போகும்போது டம் டம்மென்று கேட்ட ஓசை, நடுப்பகுதிக்கு வந்ததும் அமுங்கிவிட்டது. ஈர மெத்தையில் நடப்பதைப் போல. பிறகு மறுபடியும் டம் டம்.

“மாமா, நடுவுல வேணாம்” என்றாள்.

மேலே காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்டிருக்காது. அவள் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே பாதிதான் கேட்கும்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை, குறுகலான ஒரு குளியலறை. அவள் கணவன் ஷாஹுல் ஆசைப்பட்டுப் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினான். டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் அவர்கள் இருக்கும் தெருவில் இதை வாசலில் நிறுத்த விடமாட்டார்கள். அதனால் லவான் ஏரிப் பக்கம், வண்டிகள் நிறுத்த வாடகைக்கு விடும் ஒரு பொட்டலில் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கம்பி வேலி; வாசலில் நம்பர் அழுத்தினால் திறக்கும் கேட். வார நாளின் மதியத்தில் அங்கே யாரும் இல்லை. உறை போட்ட படகுகளும் வண்டிகளும் வரிசையாக நின்றன, அவ்வளவுதான்.

போன மழையில் மேசைக்கு மேலே கூரையில் பழுப்பாக ஒரு கறை படிந்துவிட்டது. அடுத்த வாரம் எல்லோரும் இதை இழுத்துக்கொண்டு பிக் பெண்ட் பூங்காவுக்குச் சுற்றுலா போவதாக இருந்தது. சனிக்கிழமை தானே ஏறிப் பார்ப்பதாக ஷாஹுல் சொன்னான். மாமா கேட்கவில்லை.

“ஒழுகுத வீட்ட வச்சிக்கிட்டு சனிக்கெழமைக்கு எவனாவது காத்திருப்பானா? நாப்பது வருசமா மேலப்பாளையத்துல கட்டடம் கட்டுதேன். இந்தத் தகர டப்பா என்னைய என்ன செய்யும்?”

மீரான் மைதீன் என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் மாடி வீடுகளில் பாதி அவர் எழுப்பியவை. மகன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கை சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டு முடித்தாயிற்று.

வேலையாக ஆஸ்டினுக்குப் போயிருந்த ஷாஹுல் காலையில் தஸ்னீமைத்தான் கூப்பிட்டான்.

“தஸ், நீயே டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போயிரு. ஆனா ரூல்ஸ் சொல்லிரு, ஓகே? அது மாடி இல்ல. மெல்லிசு ப்ளைவுட், அதுக்கு மேல ஒரு ரப்பர் ஷீட், அவ்ளோதான். குறுக்க போற கட்டை மேலதான் வெயிட் போடணும். ரெண்டு பலகை வெட்டி வச்சிருக்கேன். அதப் போட்டு, அது மேல முட்டி போட்டுத்தான் போகணும். ஃபேன் பக்கமோ ஸ்கைலைட் பக்கமோ போகவே கூடாது. கூரை ஈரமா இருந்தா ஏறவே வேணாம்.”

“நீங்களே மாமாட்ட சொல்லிருங்களேன்.”

“நான் சொன்னா சண்டைல முடியும். நீ சொன்னா கேப்பாங்க.”

அந்த வீட்டின் வழக்கம் அது. மாமாவிடம் யாரும் நேராக எதையும் சொல்வதில்லை. மாமி பத்ருன்னிசா சொல்ல நினைப்பது ஷாஹுலிடம் வரும். ஷாஹுலிடமிருந்து தஸ்னீமிடம் வரும். வீட்டிலேயே சின்னக் குரல் யாருக்கோ, கடைசியில் அவள் தலையில் வந்து விழும்.

காரில் வரும்போது சொன்னாள். பலகையைப் பற்றி, குறுக்குக் கட்டையைப் பற்றி, ஈரத்தைப் பற்றி. மாமா ஜன்னல் வழியாக மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டே “சரிம்மா” என்றார். பிறகு, “இந்த ஒரு தூணுக்கு எவ்வளவு கம்பி போயிருக்கும்னு நெனக்கே?” என்று கேட்டார்.

வந்து இறங்கியதும் அவள் பலகைகளை எடுத்து ஏணிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். மாமா பார்த்தார்.

“இது என்னத்துக்கு? சாரமா கட்டப் போறோம்?”

“இல்ல மாமா, அவங்க சொன்னாங்க...”

“அவன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுதான்.” செருப்பை ஏணிக்குக் கீழே கழற்றி விட்டார். “பிஸ்மில்லா” என்று சொல்லி வெறுங்காலோடு ஏறிப் போய்விட்டார்.

இப்போது அவர் தலை கூரை விளிம்பில் தெரிந்தது.

“எம்மா, அந்தப் பழைய கைலியெல்லாம் எடுத்து வீசு. தண்ணிக் குழாயையும் குடு.”

தஸ்னீமுக்கு உடனே புரிந்துவிட்டது. ஊரில் எந்த மாடி ஒழுகினாலும் செய்வதுதான். சந்தேகப்படும் இடத்தைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்குவார்கள். பிறகு கீழே போய், எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். அவளுடைய வாப்பா வீட்டு மாடியிலும் அப்படித்தான் பார்த்தார்கள். கான்கிரீட் தளத்துக்கு அதைவிடச் சரியான வழி இல்லை.

இது கான்கிரீட் இல்லை.

“மாமா...”

“என்னம்மா?”

அவர் கையை நீட்டியபடி இருந்தார். முகத்தில் வேலை செய்யும் சந்தோஷம். இத்தனை நாளில் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை.

“ஒண்ணும் இல்ல மாமா. பாத்து.”

கைலிகளைச் சுருட்டி வீசினாள். குழாயை ஏணி வழியாக மேலே கொடுத்தாள். தண்ணீர் ரப்பரில் விழும் சத்தம் கேட்டது. அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. ஒரு சதுர மீட்டரில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் இருபது கிலோ. மாமா எண்பதுக்குக் குறையமாட்டார். இயற்பியல் படித்ததில் கண்ட பலன், பயத்துக்கு எண் போட முடிவதுதான்.

“இப்ப உள்ள போயிப் பாரு. எங்க சொட்டுதுன்னு சொல்லு” என்றார் மாமா.

உள்ளே இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. கறை இருந்த இடத்தில் சொட்டவில்லை. அதற்கு அப்பால், கூரையைத் துளைத்துப் பதித்த விசிறியின் சட்டத்தை ஒட்டி ஒரு துளி திரண்டு, நீண்டு, மேசையில் விழுந்தது. அடுத்த துளி சீக்கிரமே விழுந்தது.

“ஒழுகுது மாமா! ஃபேனுக்குப் பக்கத்துல. மேசைக்கு நேரா.”

விசிறியின் வலை வழியாக அவர் குரல் வந்தது. “மேசை எங்க கெடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கம்ப எடுத்துத் தட்டு.”

மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து அதன் கட்டையால் கூரையைத் தட்டினாள். காலடி ஓசை அந்தத் திசையில் நகர்ந்தது.

“கேக்கல. நல்லாத் தட்டு.”

இன்னும் பலமாகத் தட்டினாள். கட்டையின் முனை பட்ட இடம் எதிர்க்கவில்லை. ரொட்டியைக் குத்தியதைப் போல உள்ளே போனது. வெளியே எடுத்தபோது கறுப்பாக மட்கிய மரத்தூள் அவள் முகத்தில் உதிர்ந்தது.

“மாமா, வராதீங்க.”

சமையலறையில் உப்புப் போதுமா என்று கேட்கும் அதே குரலில்தான் அது வெளியே வந்தது.

முறியும் சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சொதசொதவென்று ஏதோ கிழிந்தது. தண்ணீர் கொட்டியது. அதோடு மாமாவின் வலது கால், தொடைவரைக்கும், கூரையைப் பிய்த்துக்கொண்டு அவள் கண்முன் வந்து தொங்கியது.

மேலே மாமா “யா அல்லாஹ்” என்றார். கத்தவில்லை. ஆச்சரியப்பட்டவரைப் போலச் சொன்னார்.

அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதம் காற்றில் எதையோ தேடியது. பேன்ட் முழங்காலுக்கு மேலே கிழிந்திருந்தது. பிறகு பாதத்திலிருந்து தண்ணீரோடு சிவப்பும் சேர்ந்து சொட்டத் தொடங்கியது.

மாமா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து தினமும். சவரம் செய்யும்போது கீறினால்கூட அவருக்கு ரத்தம் லேசில் நிற்காது.

“ஒண்ணும் இல்ல, எந்திரிச்சிருதேன்” என்றது மேலிருந்து குரல். கால் மேல்நோக்கி இழுபட்டது. உடைந்த ப்ளைவுட்டின் பற்கள் எல்லாம் கீழ்நோக்கி வளைந்திருந்தன. கால் உள்ளே வர இடம் விட்டவை, திரும்பப் போகும்போது சதைக்குள் இறங்கின. மாமா முனகினார். சொட்டுவது ஒழுக்காக மாறியது.

“அசையாதீங்க!”

அது யார் குரல் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. தகரச் சுவர்கள் அதிர்ந்தன. கால் அப்படியே நின்றுவிட்டது.

மேசைமேல் ஏறினாள். தலையில் இருந்த துப்பட்டாவை உருவி, காயத்துக்கு மேல் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். கைகள் வழுக்கின. கட்டு நிற்கிறதா என்று தெரியவில்லை. மாமாவின் காலை அவள் தொட்டதே இல்லை. அது குளிர்ந்திருந்தது.

911ஐ அழுத்தினாள். போனில் ஆங்கிலம் பேசுவதென்றால் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். பீட்சாகூட ஆப்பில்தான் வாங்குவாள். எடுத்த பெண் என்ன அவசரம் என்று கேட்டபோது சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. டிரெய்லர். கூரை. மாமனார். ரத்தம். மாத்திரை. அந்தப் பெண் நிதானமாகத் திரும்பக் கேட்டாள். கேட் நம்பரைச் சொன்னாள் தஸ்னீம். வண்டி கிளம்பிவிட்டது, தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது, அவரை அசையவிடாதே, பேசிக்கொண்டே இரு என்றாள் அந்தப் பெண்.

“மாமா, ஆம்புலன்ஸ் வருது.”

விசிறியின் வலையை அண்ணாந்து பார்த்தாள்.

“மாமா!”

“தலையச் சுத்துது.” குரல் மெலிந்திருந்தது. “கொஞ்சம் பின்னால சாஞ்சிக்கிடுதேன்.”

பின்னால். தஸ்னீம் திரும்பிக் குளியலறையைப் பார்த்தாள். அதன் கூரையில் வெளிச்சத்துக்காக வைத்த பிளாஸ்டிக் மூடி, வெள்ளையாக, குமிழாக. பல வருடம் டெக்சாஸ் வெயில் குடித்து அதில் விரிசல் ஓடியிருந்தது. மாமா சாய்ந்தால் தலை அதில்தான் விழும். தலையோடு தோளும் அதைப் பெயர்த்துக்கொண்டு இறங்கும். கால் மட்டும் இங்கே பற்களில் மாட்டியிருக்கும்.

“சாயாதீங்க மாமா. நான் வர்றேன்.”

வெளியே ஓடினாள். ஏணியைப் பிடிக்க இப்போது யாரும் இல்லை.

உயரமென்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அதை நினைக்க நேரம் கொடுக்காமல் ஒரு பலகையைத் தலைக்குமேல் தூக்கிக் கூரைக்குள் தள்ளினாள். அடுத்ததையும் தள்ளினாள். ஏறினாள். நாலாவது படியில் ஏணி பக்கவாட்டில் ஆடியது. கண்ணை மூடினாள். மூடியிருந்தால் இன்னும் மோசமாக இருந்தது. திறந்துகொண்டாள்.

மேலே வந்தாள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லை. வெள்ளை ரப்பர் ஈரத்தில் பளபளத்தது. எல்லாப் பக்கமும் அது சட்டென்று முடிந்தது. அதற்கப்புறம் வானம்தான். நடுவில் மாமா, ஒரு காலைக் கூரை விழுங்கிவிட, இன்னொரு காலை மடித்து, முழங்கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. அவரைச் சுற்றிச் சுருட்டிய கைலிகள். கைலிகளுக்குள் இன்னும் தண்ணீர்.

முதல் பலகையைப் பரப்பி, அதில் முழங்காலை வைத்தாள். கீழே ஏதோ கிறீச்சிட்டது. நின்றாள். அந்தச் சத்தம் அடங்கும்வரை மூச்சுவிடவில்லை. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். பத்தாம் வகுப்புப் பாடம். பிள்ளைகளுக்கு டியூஷனில் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தது. இப்போது அதன்மேல் முட்டி போட்டுக்கொண்டு, அது உண்மையாக இருக்க வேண்டும் என்று துவா செய்தாள்.

இரண்டாவது பலகையை முன்னால் தள்ளினாள். அதற்கு மாறினாள். பின்னாலிருந்த பலகையை இழுத்து முன்னால் போட்டாள். மறுபடியும் மாறினாள். காற்று அடித்தபோது வண்டியே லேசாக அசைந்தது. படுத்துவிட்டாள். படுத்தபடியே கையை நீட்டி ஒரு கைலியைப் பிடித்து இழுத்தாள். பாத்தி உடைந்தது. தண்ணீர் அவள் சட்டையை நனைத்துக்கொண்டு விளிம்பில் வழிந்து ஓடியது. கூரை ஒரு மூச்சு விட்ட மாதிரி மேலே எழும்பியது.

“நீ என்னத்துக்கு ஏறுனே?” என்றார் மாமா. “ஷாஹுல் என்னையக் கொன்னுருவான்.”

“பேசாதீங்க. முதுக மட்டும் கொஞ்சம் முன்னாடி கொண்டாங்க. கால அசைக்கக் கூடாது.”

ஒரு பலகையை அவருக்குப் பின்னால் செருகினாள். இன்னொன்றின்மேல் அவள் நீளவாக்கில் படுத்துக்கொண்டாள். “இப்ப சாயுங்க. மெதுவா.”

அவர் சாய்ந்தார். பலகை தோள்வரைக்குத்தான் எட்டியது. தலைக்கும் அந்தப் பிளாஸ்டிக் குமிழுக்கும் நடுவில் இருந்தது அவளுடைய கை மட்டும்தான். மாமாவின் தலை அதில் இறங்கியது. தொப்பி நழுவிப்போன நரைத்த தலை; எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் புறங்கை குமிழை அழுத்தியது. குமிழ் டிக் என்றது.

“கண்ண மூடாதீங்க மாமா. மாமா! என்னையப் பாருங்க!”

“கத்தாதம்மா. காது கேக்குது.”

“இவ்ளோ நாள் கேக்கலியே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மாமா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உதடு கோணியது. சிரிப்பா வலியா என்று தெரியவில்லை.

“கேட்டுச்சு” என்றார். “கார்ல நீ சொன்னதும் கேட்டுச்சு. மருமவ சொல்லிக்குடுத்து மாடி ஏறுனான் மீரான்னு ஆயிருமேன்னு நெனச்சேன்.”

“இப்ப மருமவளே மாடிக்கு வந்துட்டா.”

“வாயும் வந்துட்டு.” கண் மறுபடியும் செருகியது.

“மாமா, அந்த மேம்பாலத் தூணு. அதுக்கு எவ்வளவு கம்பி போகும்?”

“எது?”

“வரும்போது கேட்டீங்கள்ல. சொல்லுங்க. கணக்குச் சொல்லுங்க.”

அவர் சொல்ல ஆரம்பித்தார். எட்டு அங்குலத்துக்கு ஒரு கம்பி, இல்லை, வளையக் கம்பி தனி. பாதியில் மறந்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் தப்புத் தப்பாகப் பெருக்கிச் சொன்னாள். அவர் எரிச்சலோடு திருத்தினார். அவளுடைய கை மரத்துப்போனது. அது இன்னும் அவர் தலைக்கு அடியில்தான் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. குமிழ் இன்னொரு முறை டிக் என்றது. கணக்கு நிற்கும்போதெல்லாம் கூரைக்கு அடியில் ரத்தம் மேசையில் சொட்டும் சத்தம் கேட்பதாகத் தோன்றியது. நிஜமாகக் கேட்டதா, தெரியவில்லை.

சைரன் கேட்டபோது அவள் அழ ஆரம்பித்தாள். கணக்கை மட்டும் நிறுத்தவில்லை.

அவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஒருவர் ஏணியில் ஏறி, தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். கூரையில் கால் வைக்கவில்லை. நீ இருக்கிற இடம் சரியாக இருக்கிறது, அப்படியே அசையாமல் இரு என்றார். பிறகு நீளமான ஓர் ஏணியைக் கூரைக்குக் குறுக்கே படுக்கப் போட்டு, அதன்மேல் தவழ்ந்து வந்தார்கள். வண்டிக்குள் ஒருவர் மாமாவின் காலைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் உடைந்த பற்களை ரம்பத்தால் அறுத்தார். அந்த அதிர்வு பலகை வழியாக அவள் பற்களுக்குள் ஏறியது. இப்போது மொத்தமும் போகப்போகிறது, எல்லோரும் சேர்ந்து விழப்போகிறோம் என்று நினைத்தாள்.

விழவில்லை. கால் வந்துவிட்டது. யாரோ அவள் கையிலிருந்து மாமாவின் தலையை வாங்கிக்கொண்டார்கள். பட்டைகளில் கட்டி, தூக்கு படுக்கையில் அவரை இறக்கினார்கள்.

அதன் பிறகு கூரையில் அவள் மட்டும் இருந்தாள்.

“உங்க முறை” என்றார் ஏணியில் நின்ற தீயணைப்பு வீரர். கையை நீட்டினார். விளிம்புவரை அவள் தவழ்ந்து வந்துவிட்டாள். இனி திரும்ப வேண்டும். வானத்துக்கு முதுகைக் காட்டி, பார்க்காமல், ஒரு காலை ஒன்றுமில்லாத இடத்தில் கீழே விட வேண்டும்.

அவளால் முடியவில்லை. ஏறும்போது எங்கோ ஒதுங்கியிருந்த பயமெல்லாம் இப்போது கூடி வந்துவிட்டது. அந்த வீரர் ஏதோ அன்பாகச் சொன்னார். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை.

கீழே ஆம்புலன்ஸ் கதவுக்குப் பக்கத்தில் சலசலப்புக் கேட்டது.

“நோ நோ. ஐ நாட் கோ.” மாமாவின் குரல். “டாட்டர் இன் லா அப். ஃபர்ஸ்ட் ஷி.”

உடனே போக வேண்டும், ரத்தம் போயிருக்கிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவர் தோளை அமுக்கிப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“தஸ்னீமு! கீழ பாக்காத! எடது கால மொதல்ல...”

அவர் போகாமல் இருந்தால் ரத்தம் நிற்காது. அவள் இறங்காமல் அவர் போகமாட்டார்.

“மாமா, படுங்க! நானே எறங்கிருவேன்!” என்று அவள் கத்தினாள். பொட்டல் முழுக்க அது கேட்டிருக்கும்.

அவர் படுத்தார்.

அவள் திரும்பினாள். முகத்தை ஈர ரப்பரில் அழுத்திக்கொண்டு வலது காலை வெளியே விட்டாள். கால் காற்றில் தேடியது. எதுவும் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். வீரரின் கை அவள் கணுக்காலைப் பிடித்தது. பிடித்து இழுக்கவில்லை, இருக்கிறேன் என்று மட்டும் சொன்னது. பாதத்தின் நடுவில் ஏணிப்படியின் விளிம்பு பட்டது. நடுங்கிக்கொண்டே மறு காலை எடுத்தாள்.